ஏனம் கழுவும் கை: முத்துக் கொட்டிலிருந்து டிஷ்வாஷர் வரை



போன வாரம் உப்பளங்களைப் பற்றி எழுதியபோது, "சார், அடுத்தது என்ன?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இந்த வாரம் அடுக்களைக்குப் போகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

பாத்திரம் கழுவும் எந்திரத்துக்குள் ஒரு கை இருக்கிறது. அந்தக் கையின் அமைப்புக்கும் தட்டு சுத்தமாவதற்கும் சம்பந்தம் உண்டா? இதுதான் கேள்வி. வரலாற்று வாத்தியாருக்கு இது எதற்கு என்று சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் இது சிரிப்புக்குரிய விஷயமாக இருக்கவில்லை.

என் வீட்டம்மாவுக்கு இரண்டு கையிலும் தோல் வெடிப்பு. நாற்பது வருடம் சோப்பு, சபீனா, உப்புத்தண்ணீர். விரல் மடக்கினால் ரத்தம் கசியும். தோல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், "இனி சோப்புத் தண்ணியில கை வைக்கவே கூடாதும்மா." வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காவுக்கும் வயதாகி நின்றுவிட்டார். அவர் கையும் இதே கதைதான். விஷயம் தெரிந்து, பெங்களூரில் இருக்கும் பையன் 2023 ஆனி மாதம் ஒரு டிஷ்வாஷரை வாங்கி அனுப்பிவிட்டான்.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் தோசை மாவுச் சட்டி மாவோடே வெளியே வர ஆரம்பித்தது. கண்ணாடித் தம்ளரில் வெள்ளைப் படலம். மீன் குழம்புச் சட்டியில் விளிம்பில் மஞ்சள். எந்திரம் பார்க்க வந்த மெக்கானிக் தம்பி, "இது வெளிநாட்டுத் தட்டுக்குச் செஞ்சது சார். நம்ம ஊர் ஏனத்துக்கு இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டம்மாவுக்கு அது போதும். "ஏங்க, இந்தப் பெட்டிக்குக் கண்ணும் இல்ல, கையும் இல்ல. இது எங்க கழுவப்போவுது?"

ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அடுப்படியில் விளக்கு எரிகிறது. எந்திரத்திலிருந்து எடுத்த ஏனங்களை எல்லாம் தொட்டியில் போட்டு மறுபடியும் கையால் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். விரலெல்லாம் சிவந்து கிடக்கிறது. எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை.

மறுநாள் காலை எந்திரத்தின் அடித்தட்டை வெளியே உருவினேன். "பாரு, இதுக்குக் கை இருக்கு" என்று காட்டினேன். அன்று தொடங்கியதுதான் இந்த ஆராய்ச்சி.

தரைச்சக்கரம்

எந்திரத்தின் அடியில் ஒரு அகப்பைக் காம்பு நீளத்துக்குத் தட்டையான குழாய் ஒன்று நடுவில் பொருத்தப்பட்டிருக்கும். அதன் முதுகில் சின்னச் சின்னத் துளைகள். மேல்தட்டுக்கு அடியிலும் இதுபோல ஒன்று. இதைத்தான் ஆங்கிலத்தில் ஸ்பிரே ஆர்ம் என்கிறார்கள். நாம் தெளிப்புக் கை என்று வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலான எந்திரங்களில் இந்தக் கையைச் சுற்றத் தனி மோட்டார் கிடையாது. பம்பு தண்ணீரை மட்டும்தான் தள்ளுகிறது. துளைகளில் சில நேராக மேலே பார்க்காமல் சற்றுச் சாய்வாக இருக்கும். தண்ணீர் ஒரு பக்கம் பீறிட, கை எதிர்ப்பக்கம் நகர்கிறது. சிவகாசித் தரைச்சக்கரம் நெருப்பைக் கக்கிக்கொண்டு சுற்றுகிறதே, அதே கணக்கு. தீபாவளிக்குச் சக்கரம் விட்ட எல்லோருக்கும் இது தெரியும்.

இந்தத் தத்துவம் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹீரோன் நீராவியால் சுற்றும் ஒரு உருண்டையை விவரித்திருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டில் செக்னர் என்ற அறிஞர் இதே எதிர்விசையால் சுற்றும் தண்ணீர்ச் சக்கரம் செய்தார். புல்வெளியில் சுற்றும் தெளிப்பானும் இதன் தம்பிதான்.

ஆனால் இந்தக் கை பாத்திரப் பெட்டிக்குள் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

சிகாகோ, 1893

1850-ல் அமெரிக்காவில் ஜோயல் ஹௌட்டன் என்பவர் மரத்தில் ஒரு எந்திரம் செய்து காப்புரிமை வாங்கினார். கையால் சுற்றினால் தண்ணீர் தட்டுகளின்மேல் வாரி அடிக்கும். அவ்வளவுதான். வாளித் தண்ணீரை ஓங்கி ஊற்றினால் தட்டு நனையும், கறை போகாது. அது வியாபாரத்துக்கு உதவவில்லை.

அடுத்து வந்தவர் ஒரு பெண். இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற சிறு ஊரில் ஜோசபின் காக்ரேன். வீட்டில் பரம்பரையாக வந்த பீங்கான் தட்டுகள் கழுவும்போது விளிம்பு உடைந்து போகின்றன என்ற கவலையில் தொடங்கியது அவருடைய யோசனை. 1883-ல் கணவர் இறந்துபோனார். கையில் மிஞ்சியது கடன். யோசனை பிழைப்பாக மாறியது. வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொண்டு எந்திரத்தைச் செய்தார். 1886 டிசம்பர் 28-ல் காப்புரிமை கிடைத்தது.

அவர் செய்த முக்கியமான காரியம் இரண்டு. ஒவ்வொரு தட்டின் அளவையும் எடுத்து, அது அசையாமல் நிற்கக் கம்பிக் கூடுகள் செய்தார். தேய்க்கும் பிரஷ்ஷை நம்பாமல், சூடான சோப்புத் தண்ணீரின் வேகத்தை நம்பினார். செம்புக் கொப்பரைக்குள் கிடைமட்டமாக ஒரு சக்கரம். சக்கரத்தில் கூடுகள். கீழேயிருந்து தண்ணீர் பீறிட, தட்டுகள் சுற்றும்.

கவனியுங்கள். இங்கே சுற்றியவை தட்டுகள். தண்ணீர் ஓரிடத்திலிருந்து வந்தது.

1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் இந்த எந்திரம் இடம்பெற்றது. அங்கிருந்த உணவகங்களில் அதை உழைக்கவும் விட்டார்கள். சிகாகோ, 1893 என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது விவேகானந்தர். அந்தக் கண்காட்சியை ஒட்டிக் கூடிய சர்வசமய மாநாட்டில்தான் அவர் பேசினார். அவரை அங்கே அனுப்ப நம் சென்னை அன்பர்கள் வீடு வீடாகப் பணம் திரட்டிய கதையை வகுப்பில் எத்தனை வருடம் சொல்லியிருப்பேன்! அதே ஊரில், அதே விழாவில், ஒரு விதவைப் பெண் ஏனம் கழுவும் எந்திரத்தை நிறுத்தி வைத்திருந்தார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்போது எனக்குத் தெரியாது. இப்போது சொல்லிவிட்டேன்.

காக்ரேனின் எந்திரத்தை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஓட்டல்காரர்கள். வீடுகளில் அவ்வளவு வெந்நீர் கிடையாது, விலையும் கட்டுபடியாகாது. 1913-ல் அவர் மறைந்தார். 1926-ல் ஹோபார்ட் நிறுவனம் அவருடைய கம்பெனியை வாங்கிக்கொண்டது.

சுற்றுகிற வேலை தட்டிலிருந்து தண்ணீருக்கு மாறியதில் முக்கியமான பெயர் வில்லியம் ஹோவர்ட் லிவன்ஸ். இங்கிலாந்துக்காரர். முதல் உலகப் போரில் நெருப்பும் நச்சுவாயுவும் எதிரியின் மேல் பீய்ச்சும் ஆயுதங்களைச் செய்த பொறியாளர். போர் முடிந்தபின் 1924-ல் வீட்டுக்கான சிறு பாத்திர எந்திரம் ஒன்றை வடிவமைத்தார். முன்பக்கம் கதவு, உள்ளே கம்பித்தட்டு, அடியில் சுற்றும் தெளிப்பான். இன்று நம் வீட்டில் நிற்பதன் ஜாடை அப்படியே அதில் இருக்கிறது. அதே மனிதர், அதே பீய்ச்சும் வித்தை. ஒன்று பதுங்குகுழிக்கு, மற்றொன்று அடுக்களைக்கு.

தட்டு நிற்க, கை சுற்றுவது என்ற இந்த மாற்றம் பெரியது. தட்டு சுற்றினால் மோதும், உடையும், பாரம் இழுக்கும். கை சுற்றினால் பாரம் இல்லை, தண்ணீரே சுற்றிவிடும். வீட்டுக்குள் எந்திரம் வந்ததற்கு இந்த எளிய கையும் ஒரு காரணம்.

முத்துக் கொட்டு

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம். கழுவுவது என்றால் என்ன என்பதை நம் ஊர் முத்துக்குளிப்பைப்போல யாரும் சொல்லித்தரவில்லை.

கொற்கைக் காலத்திலிருந்து முத்துக்குப் பேர்போன கரை இது. கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. நான் அப்போது சின்னப் பயல். எனக்கு நினைவிருப்பது காட்சி இல்லை, நாற்றம். என் ஆச்சி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, "கொட்டுப் பக்கம் போவாதலே" என்று அதட்டுவாள்.

கடலிலிருந்து எடுத்த சிப்பியைக் கத்தியால் ஒவ்வொன்றாகத் திறந்தால் ஆயிரக்கணக்கில் தீராது, முத்தும் நழுவிவிடும். அதனால் வேலி கட்டிய கொட்டுகளில் சிப்பியைக் குவித்து, ஒரு வாரம் பத்து நாள் அழுக விடுவார்கள். ஈ மொய்க்கும், புழு வைக்கும். தசை தானாகக் கரையும். அதன்பிறகு கடல்நீர் நிரப்பிய வள்ளத்திலோ தொட்டியிலோ கொட்டி ஊறவைத்துக் கழுவுவார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து, ஓடுகளை ஒன்றோடொன்று தேய்த்து அலசி வெளியே போடுவார்கள். முத்து அடியில் தங்கும். மேல்தண்ணீரை மெல்ல இறுத்து, அடிவண்டலை அரித்து எடுப்பார்கள். கழுவும்போது கையை வாய்ப்பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று கண்காணிக்க ஆள் நிற்பார் என்று பழைய ஆங்கிலக் குறிப்புகள் சொல்கின்றன. வாயில் முத்தைப் போட்டுக்கொள்வார்களாம்!

இங்கே கையின் பலம் மிகக் குறைவு. ஓங்கி அடித்தால் முத்துப் போய்விடும். வேலை செய்தது காலமும் அழுகலும்தான். கை கடைசியில் லேசாக அலசியது, அவ்வளவே.

இதை ஒரு சித்திரமாக வரைந்து காட்டியவர் ஒரு ஜெர்மானியர். ஹெர்பர்ட் சின்னர், ஹென்கெல் என்ற சோப்புக் கம்பெனியில் வேலை பார்த்த வேதியியல்காரர். 1959-ல் அவர் ஒரு வட்டத்தை நாலாகப் பிரித்தார். மருந்து, விசை, சூடு, நேரம். எதைக் கழுவினாலும் இந்த நாலும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்டித்தான் ஆகவேண்டும். சின்னர் வட்டம் என்று இதற்குப் பெயர்.

முத்துக் கொட்டில் நேரம் மலையளவு, விசை கடுகளவு.

இதற்கு நேர் எதிர்க் கோடியையும் நம் ஊரிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1974 ஜூலை 11-ல் தொடங்கிவைக்கப்பட்டு, 2011 முதல் வ.உ.சி. பெயரைத் தாங்கும் நம் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களை எண்ணிக்கொண்டு வளர்ந்த பையன் ஒருவன், என் மாணவன், இன்று கப்பலில் சமையல்காரன். விடுமுறைக்கு வந்தவனிடம் கேட்டேன்.

"சார், எங்க காலியில இருக்கிறது வேற மாதிரி. மூடிய இறக்குனா மேலயும் கை, கீழயும் கை. ஓரிரு நிமிஷம். திறந்தா ஆவி பறக்கும், தட்டு தொட முடியாது."

கப்பல், ஓட்டல் எந்திரங்களில் கழுவும் நீர் சுமார் 60 டிகிரி. கடைசி அலசல் 80 டிகிரிக்கும் மேல். பம்பு பெரிது. நேரத்தைச் சுருக்கிவிட்டு விசையையும் சூட்டையும் ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் அவன் இன்னொன்றும் சொன்னான். "காய்ஞ்ச தட்டை அப்படியே வைக்க மாட்டோம் சார். முதல்ல ஹோஸ்ல பீய்ச்சி விட்டுட்டுத்தான்."

நம் வீட்டு எந்திரம் இரண்டுக்கும் நடுவில். இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஓடும். காரணம், அதன் தண்ணீர் மிகக் கொஞ்சம். இன்றைய எந்திரங்கள் ஒரு முழு ஓட்டத்துக்குப் பத்து லிட்டர் அளவில்தான் எடுக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மூன்று நான்கு லிட்டரையே வடிகட்டி, திரும்பத் திரும்பக் கையில் ஏற்றிப் பீய்ச்சுகின்றன. ஜெர்மனியில் பான் பல்கலைக்கழகத்தார் ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்தவர்களைக் கூப்பிட்டுக் கழுவச் சொல்லிப் பார்த்தபோது, 12 பேர் சாப்பிட்ட ஏனங்களைக் கையால் கழுவச் சராசரியாக 100 லிட்டருக்கு மேல் செலவானது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுகிறவர்கள் கணக்கு அது. ஒரு வாளியில் வீட்டு ஏனத்தையெல்லாம் முடித்த நம் தாய்மார்களை அந்த ஆய்வாளர்கள் பார்த்ததில்லை.

கைக்கு எட்டாத மூலை

சரி, கையின் வடிவத்துக்கு வருவோம்.

ஒரு கை சுற்றும்போது அதன் ஒவ்வொரு துளையும் ஒரு வட்டம் வரைகிறது. அடுத்த சுற்றிலும் அதே வட்டம். தாரை நேராகப் படும் இடத்தில் மாவு பெயர்ந்து வரும். இரண்டு வட்டத்துக்கு நடுவே இருக்கும் இடத்தில் வழிந்து வரும் தண்ணீர்தான் கிடைக்கும். பெட்டி சதுரம், கை போடுவது வட்டம். நான்கு மூலைகளும் பாவம். ஒரு கும்பா இன்னொரு கும்பாவுக்குள் சாய்ந்து கிடந்தால் உள்ளே இருப்பதற்கு மழை மறைவு.

வடிவமைப்பாளர்களின் முப்பது நாற்பது வருடப் போராட்டம் முழுக்க இதைச் சுற்றித்தான். கையின் நுனியில் இன்னொரு குட்டிக் கையை வைத்தார்கள். பூமி தானும் சுற்றிச் சூரியனையும் சுற்றுவதுபோல அது சுற்றும். தாரை ஒரே வட்டத்தில் விழாமல் இடம் மாறி விழும், மூலைக்கும் எட்டும். சிலர் கையை முன்னும் பின்னுமாக மாறிமாறிச் சுற்றவிட்டார்கள். சாம்சங் 2014 வாக்கில் சுற்றும் கையையே அடித்தட்டிலிருந்து எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் நகரும் தகடு ஒன்றால் தண்ணீரைச் சுவர்போல எழுப்பிப் பார்த்தது. ஆக, கையின் வடிவம் முக்கியம் என்று காசு போட்டு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓடும் எந்திரத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாதே. அவர்கள் கதிரியக்கமுள்ள சிறு துகள் ஒன்றைத் தண்ணீரில் விட்டு, அது போகிற வழியை வெளியிலிருந்து தொடர்ந்தார்கள். 2015-ல் முடிவு வெளிவந்தது. தண்ணீர் எல்லா இடத்துக்கும் சமமாகப் போகவில்லை. மாவுப்பொருள் கறைக்குத் தாரை நேராக அடிக்கவேண்டும். முட்டை போன்ற புரதக் கறைக்கு அடியைவிட ஊறல் முக்கியம், மருந்து அதைப் பற்றி இளக்க நேரம் வேண்டும். தட்டுகளை வரிசையாக அடுக்காமல் வட்டமாக அடுக்கினால் இன்னும் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு ஒன்று விளங்கியது. தோசை மாவும் சோறும் மாவுப்பொருள். அதாவது, நம் ஊர்ச் சாப்பாட்டுக்குத் தெளிப்புக் கையின் அடி மற்றவர்களைவிட அதிகம் தேவை. மெக்கானிக் தம்பி பாதி உண்மை சொல்லியிருக்கிறார். மீதிப் பாதியைத் தேடினேன்.

பழைய வாத்தியாரின் பரிசோதனை

எட்டு எவர்சில்வர் தட்டில் மாவைத் தடவி ராத்திரி முழுக்கக் காயவைத்தேன். வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

முதல் ஓட்டம், வழக்கம்போல் எல்லா ஏனமும் அடுக்கி. தொடங்கும் முன் கை எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். பத்து நிமிடத்தில் நிறுத்தித் திறந்தேன். கை அதே இடத்தில் நிற்கிறது! மறுபடி மூடி, மறுபடி திறந்தேன். அதே இடம்.

குனிந்து பார்த்தால், கீழ்த்தட்டின் கம்பி இடுக்கு வழியாக எங்கள் தோசைக் கரண்டியின் காம்பு தலைகீழாகத் தொங்கிக் கையை மறித்துக்கொண்டிருக்கிறது. சக்கரத்தில் ஈர்க்கு சொருகினதுபோல. அந்தக் கைக்கு மோட்டார் இல்லை என்றேன் அல்லவா? ஒரு கரண்டிக் காம்பே போதும். மாதக்கணக்கில் எங்கள் எந்திரம் கை கட்டிய மனுஷன்போலத்தான் வேலை செய்திருக்கிறது. தாரை விழுந்த இரண்டு தட்டு பளபள. மற்ற ஆறும் மாவோடு.

கரண்டியை எடுத்துவிட்டு இரண்டாம் ஓட்டம். ஐந்து தட்டு சுத்தம். மூலைத் தட்டுகள் இன்னும் இல்லை.

கையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். நுனித் துளைகளில் பாதி அடைப்பு. வெள்ளையாகக் கல்போல ஏதோ. கைக்குத் தடையில்லை, ஆனால் விரல்களில் பாதி மடங்கிக் கிடக்கிறது. வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பல்குச்சியால் ஒவ்வொரு துளையாகக் குத்திவிட்டேன். மூன்றாம் ஓட்டத்தில் எட்டில் ஏழு. எட்டாவது தட்டு ஒரு குத்துப்போணியின் மறைவில் இருந்தது. அது என் தப்பு.

அந்த வெள்ளைக் கல் எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் எந்திரத்துக்குள் இல்லை. ஊரின் வரலாற்றில் இருக்கிறது.

நல்ல தண்ணீர்

தூத்துக்குடி கடலோரம் கட்டிய ஊர். தோண்டினால் உப்பு. நூறு வருடத்துக்கு முன் ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய காலம் இருந்தது. நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, வல்லநாட்டிலிருந்து குழாய் பதித்துத் தாமிரபரணித் தண்ணீரை 1927-ல் ஊருக்குள் கொண்டுவந்தார். பொதிகையில் பிறந்து வரும் ஆறு. எட்டு அணைக்கட்டுகளில் வயலுக்குப் பங்கு கொடுத்துவிட்டு மீதி புன்னைக்காயலில் கடல் சேரும். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்கும், பருப்பு வேகும். ஊருக்குள் அதற்குப் பெயரே "நல்ல தண்ணி".

என் அம்மை தெரு நல்லியில் வரிசை போட்டுக் குடத்தில் பிடிப்பாள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் அது. ஏனத்துக்குக் கிணற்று உப்புத்தண்ணீர்தான். பொறவாசலில் உட்கார்ந்து தேங்காய் நாரும் அடுப்புச் சாம்பலும் வைத்துத் தேய்ப்பாள். சாம்பலில் காரம் இருக்கிறது, எண்ணெயை அறுக்கும். டிஷ்வாஷர் பொடியில் முக்கியச் சரக்கான சோடா சாம்பலும் காரம்தான். அதையும் நம் ஊரில் உப்பிலிருந்து தயாரித்திருக்கிறார்கள். பெயரிலேயே சாம்பல் இருப்பதைக் கவனித்தீர்களா? அம்மை வைத்திருந்தது அதன் அக்கா. பித்தளைக்குப் புளி. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு செம்பு நல்ல தண்ணீர். இல்லாவிட்டால் காய்ந்ததும் வெள்ளை பூக்கும் என்பாள். சின்னர் வட்டம் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் எந்த வரிசையையும் மாற்றியதில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். மாநகராட்சித் தண்ணீர் வராத நாட்களில் மேல்தொட்டியை ஆழ்குழாய்த் தண்ணீரால் நிரப்புகிறோம். அதில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் ஏராளம். சூடானதும் சுண்ணாம்பு கல்லாகி, கையின் விரல்துளைகளில் ஒட்டிக்கொண்டது. தம்ளரின் வெள்ளைப் படலமும் அதுவே.

இதைத் தடுக்க எந்திரத்திலேயே ஒரு ஏற்பாடு உண்டு. தண்ணீரின் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும் பிசின் மணிகள். அவை நிறைந்துபோனால் உப்புக்கரைசலால் அலசிப் புதுப்பிக்கவேண்டும். அதற்குத்தான் உப்புப் போடும் அறை. தண்ணீர் எவ்வளவு கடினம் என்று எந்திரத்துக்குச் சொல்லவும் வேண்டும். பொருத்தியபோது யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"உப்புதான? ஊர் பூரா உப்புதான கெடக்கு. ரெண்டு கை கல்லுப்பை அள்ளிப் போட வேண்டியதுதான?" என்றாள் வீட்டம்மா. நியாயமான கேள்வி. இந்தியாவுக்கே உப்பு அனுப்பும் ஊர். ஆனால் உப்பளத்துக் கல்லுப்பில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் மண்ணும் கலந்திருக்கும். எதை நீக்க உப்புப் போடுகிறோமோ அதையே உள்ளே போட்டதுபோல் ஆகிவிடும். ஆகவே, உப்பளத்தைத் தாண்டிக் கடைக்குப் போய்ப் பாக்கெட்டில் சுத்திகரித்த உப்பை விலைகொடுத்து வாங்கி வருகிறேன். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் சரிசெய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2023 டிசம்பர் 17, 18. பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு கரையுடைத்து ஓடியது. எங்கள் வாசல்படியோடு தண்ணீர் நின்றது எங்கள் அதிர்ஷ்டம். எத்தனையோ வீடுகளில் அடுப்படியே மூழ்கியது. குடிநீர்க் குழாய்கள் உடைந்து, பல நாட்கள் லாரித் தண்ணீர்தான். ஊரெல்லாம் தண்ணீர், குழாயில் இல்லை. எந்திரம் மூலையில் சும்மா நின்றது. வீட்டம்மா பழைய நாரை எடுத்தாள். ஒரு வாளியில் எல்லா ஏனத்தையும் முடித்தாள். இந்த முறை என்னால் தடுக்க முடியவில்லை. கையுறை மட்டும் மாட்டிவிட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து அலசிக் கொடுத்தேன். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பதில்

கேள்விக்கு வருகிறேன். தெளிப்புக் கையின் அமைப்பால் ஏனம் சுத்தமாவது மாறுமா? மாறும். காய்ந்த மாவுக்கும் சோற்றுக்கும் நன்றாகவே மாறும். மூலைக்கு எட்டும் கை, இடம் மாறி அடிக்கும் கை, கட்டாயம் மேல். ஆனால் கடையில் விற்பனையாள் சொல்வதுபோல் அது மட்டுமே மந்திரம் இல்லை. நாலில் ஒரு பங்கு அது. சாதாரணக் கையே தடையின்றிச் சுற்றி, துளைகள் திறந்திருந்து, நல்ல தண்ணீர் கிடைத்தால் எங்கள் எட்டுத் தட்டில் ஏழைக் கழுவியது. புதுக் கை வாங்கும் முன் இருக்கிற கையைக் குனிந்து பாருங்கள்.

வீட்டில் எந்திரம் இருப்பவர்களுக்கு வாத்தியார் வீட்டுப்பாடம்: அடுக்கியபின் கையை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கதவை மூடுங்கள். வடிகட்டியில் சோற்றுப் பருக்கை தங்கினால் கைக்குத் தண்ணீர் ஏறாது, வாரம் ஒருமுறை எடுத்துக் கழுவுங்கள். கையால் தேய்க்கும் சோப்புத் திரவத்தை உள்ளே ஊற்றாதீர்கள், நுரை பொங்கினால் பம்பு நுரையைத்தான் தள்ளும், கை சுற்றாது. மாவுச் சட்டியைக் காயவிடாமல் ஒரு கை தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

எந்திரம் இல்லாதவர்களுக்கு: தொட்டியில் ஏனத்தைப் போட்டுவிட்டு எழுந்து போகிறீர்களே, அதைக் கழுவுகிற கையை ஒருமுறை விரித்துப் பாருங்கள். அது அம்மாவுடையதோ மனைவியுடையதோ வேலைக்கு வரும் அக்காவுடையதோ, யாருடையதானாலும். நான் நாற்பது வருடம் பார்க்கவில்லை.

என் வீட்டம்மாவின் விரல் வெடிப்பு இப்போது பெரும்பாலும் ஆறிவிட்டது. பனிக்காலத்தில் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ராத்திரி பதினொரு மணிக்கு அடுப்படியில் விளக்கு எரிவதில்லை. தோசைக் கரண்டியை மட்டும் அவள் எந்திரத்தில் வைப்பதில்லை. அதை நான் கழுவுகிறேன்.

உங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் எதை வைத்து ஏனம் தேய்த்தார்கள்? சாம்பலா, செங்கல் தூளா, கடல் மணலா? முத்துக் கொட்டில் வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், பெரியவர்களிடம் கேட்டு இரண்டு வரி எழுதுங்கள். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்த ஞாயிறு சந்திப்போம்.